தன்னியக்க ஊர்திகளும் சாலைக் கட்டமைப்பும்: பொத்தேரி வழியே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஓட்டுநரின் துணையின்றித் தாமே இயங்கும் ஊர்திகள் பற்றிய உரையாடல் பெரும்பாலும் ஊர்தியின் அறிவைப் பற்றியதாகவே அமைகிறது. அவ்வூர்தி ஓடவேண்டிய சாலை எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. சாலையும் ஊர்தியும் அறிவைப் பகிர்ந்துகொண்ட வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக எடுத்துரைக்கிறது. இயந்திரம் சாலையைப் படிக்கும் முறையை விளக்குகிறது. தாம்பரத்திற்கும் செங்கல்பட்டிற்கும் இடைப்பட்ட பொத்தேரிப் பகுதியின் சாலையில் அம்முறை எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளை ஆராய்கிறது. இயந்திரத்திற்குத் தேவையான சாலைச் சீர்திருத்தங்களுள் முதன்மையானவை, நடந்து செல்வோருக்கும் இருசக்கர ஊர்தியில் செல்வோருக்கும் இன்றே தேவைப்படுபவை என்பதும், அவற்றை எந்த வரிசையில் செய்வது என்பதே உண்மையான கொள்கைச் சிக்கல் என்பதும் இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: தன்னியக்க ஊர்தி, சாலைக் கட்டமைப்பு, தடக்கோடு, செயற்பாட்டு எல்லை, ஜி.எஸ்.டி. சாலை, பொத்தேரி, பாதசாரி.

1. முன்னுரை

தருமபுரிப் பகுதியில் கண்டறியப்பட்ட அதியமான் பெருவழிக் கல் தமிழகச் சாலை வரலாற்றின் அரிய சான்றுகளுள் ஒன்று. நாவல்தாவளம் என்னும் ஊருக்கு இருபத்தொன்பது காதம் என்னும் செய்தி அதில் எழுத்தாலும் எண்ணாலும் பொறிக்கப்பட்டுள்ளது. அத்துடன் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் அக்கல்லில் உள்ளன. எழுத்தறியாத வழிப்போக்கர் குழிகளைக் கண்டோ தடவியோ தொலைவை அறிந்துகொள்வதற்காக இவ்வேற்பாடு செய்யப்பட்டது என்பர். ஒரே செய்தி, இருவகைப் படிப்பாளர்கள்; இருவருக்கும் புரியும்படி சாலை பேசவேண்டும் என்னும் எண்ணம் பதின்மூன்றாம் நூற்றாண்டளவிலேயே இங்கு இருந்திருக்கிறது.

இன்றைய சாலைக்கு மூன்றாவது வகைப் படிப்பாளர் ஒருவர் வந்து சேர்ந்துள்ளார். அவர் மனிதர் அல்லர். ஊர்தியின் முகப்பிலும் கண்ணாடியின் பின்புறத்திலும் பொருத்தப்பட்ட படக்கருவியும் ரேடாரும் அவற்றின் பின்னிருந்து கணிக்கும் கணினியுமே அவர். சென்னையின் தென்புறநகரில் இவரது வருகை எதிர்காலச் செய்தியன்று. 2021இல் அறிமுகமான மஹிந்திரா எக்ஸ்யுவி 700 போன்ற ஊர்திகள், தடத்தை விட்டு விலகாமல் காத்தல், முன்செல்லும் ஊர்தியுடன் இடைவெளி பேணுதல், இடர் நேரும்போது தாமே தடையிடுதல் ஆகிய திறன்களுடன் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. அந்நிறுவனத்தின் ஆய்வு மையம் செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியிலேயே உள்ளது. ஒரகடத்தில் நடுவண் அரசின் ஊர்திச் சோதனை மையம் இயங்குகிறது. அப்பகுதியிலும் மறைமலைநகரிலும் ஊர்தித் தொழிற்சாலைகள் எழுந்தன. இயந்திரத்திற்கு ஓட்டக் கற்பிக்கும் நிலம், அதற்குப் படிக்கத் தரும் சாலை எது என்பதே இங்கு எழும் வினா.

2. சொல்லும் வரையறையும்

‘ஓட்டுநரற்ற ஊர்தி’, ‘தானியங்கி ஊர்தி’, ‘தன்னியக்க ஊர்தி’ என்னும் மூன்று தொடர்களும் தமிழில் வழங்குகின்றன. முதலாவது, ஆள் இல்லாமையை மட்டும் சுட்டுகிறது. இரண்டாவது, ‘ஆட்டோமேட்டிக்’ எனப்படும் தானியங்கிப் பற்சக்கர மாற்று முறையுடன் குழப்பத்தை உண்டாக்குகிறது. தன் சூழலை உணர்ந்து, தானே முடிவெடுத்து, தன்னைத் தானே இயக்கிக்கொள்ளும் தன்மையைக் குறிக்கத் ‘தன்னியக்க ஊர்தி’ என்பதே பொருத்தமாதலின் இக்கட்டுரை அதனைக் கையாள்கிறது.

எஸ்.ஏ.இ. என்னும் ஊர்திப் பொறியாளர் அமைப்பு 2014இல் வெளியிட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்திய வகைப்பாடு தன்னியக்கத்தை ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. சுழிய நிலையில் எல்லாப் பொறுப்பும் மனிதருடையது. முதல் நிலையில் திசைதிருப்பல் அல்லது வேகம் ஆகிய இரண்டில் ஒன்றில் மட்டும் இயந்திரம் துணைநிற்கும். இரண்டாம் நிலையில் இரண்டிலும் துணைநிற்கும். எனினும் ஓட்டுநர் இடையறாது சாலையைக் கவனித்தாக வேண்டும். மூன்றாம் நிலையில் குறிப்பிட்ட சூழலில் இயந்திரமே ஓட்டும். அது அழைக்கும்போது மனிதர் பொறுப்பேற்க வேண்டும். நான்காம் நிலையில் வரையறுத்த எல்லைக்குள் மனிதரின் தேவையே இல்லை. ஐந்தாம் நிலை எவ்விடத்தும் எச்சூழலிலும் இயங்குவது; அது இன்றுவரை கருத்தளவில் மட்டுமே உள்ளது.

இவ்வகைப்பாட்டில் சாலைக்கு நேர்த்தொடர்புடைய கருத்து ‘செயற்பாட்டு எல்லை’ என்பதாகும். எவ்வகைச் சாலை, எவ்வளவு வேகம், எத்தகைய வானிலை, பகலா இரவா என்னும் நிபந்தனைகளின் தொகுதியே அது. காட்டாக, 2022இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த மெர்சிடிஸ் நிறுவனத்தின் மூன்றாம் நிலை அமைப்பு, விரைவுச்சாலைகளில் மணிக்கு 60 கி.மீ. வேகத்திற்குட்பட்டு மட்டுமே இயங்க இசைவு பெற்றது. ஆகவே ‘இவ்வூர்தி தானே ஓடுமா?’ என்னும் வினா முழுமையற்றது. ‘எந்தச் சாலையில் தானே ஓடும்?’ என்பதே முழுமையான வினா.

3. அறிவு எங்கே இருக்கவேண்டும்?

தன்னியக்க ஊர்தியின் வரலாறு, அறிவைச் சாலையில் வைப்பதா ஊர்தியில் வைப்பதா என்னும் இரு கொள்கைகளின் வரலாறாகவும் அமைகிறது. 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் காட்டிய எதிர்கால நகர மாதிரியில், ஊர்திகளைத் தானே நெறிப்படுத்தும் நெடுஞ்சாலைகள் கற்பனை செய்யப்பட்டன. 1950களில் சாலைக்குள் மின்கம்பி பதித்து அதன் காந்தப்புலத்தைப் பின்பற்றி ஊர்தி ஓடும் சோதனைகள் அமெரிக்காவில் நடந்தன. 1997 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரை அடுத்த நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவிற்குத் தரையில் காந்தங்கள் பதிக்கப்பட்டு, ஊர்திகள் அவற்றைத் தொடர்ந்து வரிசையாக ஓடிக் காட்டின. தொழில்நுட்பம் வென்றது, பொருளியல் தோற்றது. நாடெங்கும் உள்ள சாலைகளைத் தோண்டிக் காந்தம் பதிக்க எவ்வரசாலும் இயலாது.

1980களில் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் படக்கருவியின் துணையால் மட்டும் ஊர்தியை ஓட்டிக் காட்டியது மற்றக் கொள்கையின் தொடக்கங்களுள் ஒன்று. அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான டார்பா 2004இல் மொஹாவி பாலைநிலத்தில் நடத்திய போட்டியில், ஏறத்தாழ 240 கி.மீ. பாதையில் எவ்வூர்தியும் 12 கி.மீ.யைக் கூடத் தாண்டவில்லை. மறு ஆண்டே 212 கி.மீ. பாதையை ஐந்து ஊர்திகள் முடித்தன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’ முதலிடம் பெற்றது. இவ்வெற்றிக்குப் பின்னர், அறிவு முழுவதையும் ஊர்தியிலேயே வைத்துவிடலாம், சாலை இருந்தவாறே இருக்கட்டும் என்னும் நம்பிக்கை வலுத்தது.

அந்நம்பிக்கை ஓரளவே மெய்ப்பட்டது. வேமோ நிறுவனம் 2020இல் பீனிக்ஸ் நகரில் ஓட்டுநர் இருக்கையில் எவரும் இல்லாத ஊர்திகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. எனினும் அகன்ற தடங்களும் குறைந்த மழையும் கொண்ட நகரிலேயே அச்சேவை தொடங்கியது என்பது கருதத்தக்கது. சாலையை மாற்றவில்லை என்பது உண்மை. ஏற்ற சாலையைத் தேர்ந்தெடுத்தனர் என்பதும் உண்மை.

4. இயந்திரம் சாலையைப் படிக்கும் முறை

தன்னியக்க ஊர்தியில் மூவகை உணரிகள் பெரிதும் பயன்படுகின்றன. படக்கருவி நிறத்தையும் வடிவத்தையும் எழுத்தையும் காணும். ஆனால் இருளிலும் எதிரொளியிலும் தடுமாறும். ரேடார் வானொலி அலையை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்புவதைக் கொண்டு பொருளின் தொலைவையும் வேகத்தையும் அளக்கும். மழையும் புழுதியும் அதனை அதிகம் தடுக்கா. ஆயினும் பொருளின் வடிவத்தை நுணுக்கமாகக் காட்டாது. லைடார் ஒளிக்கற்றையால் சுற்றுப்புறத்தின் முப்பரிமாணப் புள்ளிப்படத்தை வரையும். பெருமழையில் நீர்த்துளிகள் அக்கற்றையைச் சிதறடிக்கும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புமாறு மூன்றின் தரவுகளையும் கணினி இணைத்துக்கொள்கிறது.

இவ்வாறு பெற்ற காட்சியில் கணினி மூன்று வினாக்களுக்கு விடை தேடுகிறது. நான் எங்கே இருக்கிறேன்? என்னைச் சுற்றி என்னென்ன உள்ளன? அவை அடுத்த சில நொடிகளில் எங்கே இருக்கும்? முதல் வினாவிற்குத் தடக்கோடுகள், சாலையோரம், செயற்கைக்கோள் இடங்காட்டி, முன்னரே வரைந்து வைத்த மீத்துல்லிய வரைபடம் ஆகியவை விடை தருகின்றன. இரண்டாம் வினாவிற்குப் பல்லாயிரம் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த கணினி மாதிரி விடை தருகிறது. மூன்றாம் வினாவிற்கான விடை, சாலையில் எவர் எவ்வாறு நடந்துகொள்வர் என்னும் எதிர்பார்ப்பைப் பொறுத்தது. அவ்வெதிர்பார்ப்பு ஒரு நாட்டின் சாலை வழக்கத்திலிருந்து உருவாவது என்பதே நம் சூழலுக்கு முதன்மையான செய்தி.

2018 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் சோதனை ஊர்தி மோதி, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு இரவில் சாலையைக் கடந்த பெண் ஒருவர் இறந்தார். மோதலுக்கு 5.6 நொடிகளுக்கு முன்னரே உணரிகள் அவரைக் கண்டுவிட்டன என்று அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. ஆனால் கணினி அவரை ஊர்தி என்றும் மிதிவண்டி என்றும் இனந்தெரியாப் பொருள் என்றும் மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. வகை மாறியபோதெல்லாம் அவரது முந்தைய நகர்வின் பதிவைக் கைவிட்டது. கடவைக் கோடுகள் இல்லாத இடத்தில் மனிதர் சாலையைக் கடப்பர் என்னும் எண்ணமே அவ்வமைப்பின் வடிவமைப்பில் இல்லை. அமெரிக்கப் புறநகரில் விதிவிலக்காகக் கருதப்பட்ட செயல், தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை அன்றாட நிகழ்வு. அவ்வாறான இயந்திரத்தை இங்கே அப்படியே ஓடவிட்டால் விளைவு என்னவாகும் என்பதைத் தனியே விளக்கத் தேவையில்லை.

5. பொத்தேரிப் பகுதியின் சாலை

பொத்தேரி, கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் இடைப்பட்ட தொடர்வண்டி நிலையத்தைக் கொண்ட ஊர். 2019இல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. சென்னையைத் தென்மாவட்டங்களுடன் இணைக்கும் ஜி.எஸ்.டி. சாலை, அதாவது முன்னர் 45 என்றும் இப்போது 32 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலை, இவ்வழியே செல்கிறது. நெடுஞ்சாலை, புறநகர்த் தொடர்வண்டிப் பாதை, எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகம் ஆகியன அருகருகே அமைந்துள்ளமையால் இது ஒரே வேளையில் நெடுந்தொலைவு விரைவுப்பாதையாகவும் ஊர்த்தெருவாகவும் பயன்படுகிறது. 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின்னர், தெற்கே செல்லும் பேருந்துகளின் தொடக்கமும் இச்சாலைக்கு வந்துவிட்டது.

தொடர்வண்டிப் பாதையுடன் ஒப்பிட்டால் சாலையின் இடர்ப்பாடு விளங்கும். டெல்லி மெட்ரோவின் ஒரு தடத்தில் 2020 டிசம்பர் முதல் ஓட்டுநரற்ற வண்டிகள் ஓடுகின்றன. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்திற்கும் அத்தகைய வண்டிகளே தெரிவு செய்யப்பட்டுள்ளன. அங்கே பாதை வேலியிடப்பட்டது; வண்டியைத் தவிர வேறெதுவும் அதில் நுழையாது; சமிக்ஞையும் வண்டியும் ஒரே நிறுவனத்தின் ஆளுகைக்குட்பட்டவை. ஜி.எஸ்.டி. சாலையில் இம்மூன்றும் இல்லை. அங்கே இயந்திரம் எதிர்கொள்ளும் இடர்களை ஐந்தாகப் பகுக்கலாம்.

5.1 தடக்கோடு

தடங்காக்கும் அமைப்பு, வெண்கோட்டிற்கும் கருந்தளத்திற்கும் உள்ள நிறவேறுபாட்டைக் கொண்டே இயங்குகிறது. இரவில், கோட்டுச் சாயத்தில் கலந்த நுண்ணிய கண்ணாடி மணிகள் முகப்பு விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்புவதால் கோடு புலனாகிறது. ஐரோப்பியச் சாலைப் பாதுகாப்பு அமைப்புகள், கோட்டின் அகலம் குறைந்தது 150 மி.மீ. இருக்கவேண்டும் என்றும், உலர்நிலையில் ஒளியைத் திருப்பும் திறன் 150 மில்லிகேண்டெலா அளவிலும் ஈரநிலையில் 35 அளவிலும் இருக்கவேண்டும் என்றும் பரிந்துரைத்தன. இந்தியாவில் சாலைக் குறியீடுகளுக்கு இந்தியச் சாலைகள் பேரவையின் ஐ.ஆர்.சி. 35 விதித்தொகுப்பு உள்ளது. எனவே தரநிலை இல்லை என்பது குறையன்று. கோடு போட்ட நாளில் உள்ள தரம், சரக்கூர்திகளின் சக்கரமும் புழுதியும் மழையும் அதனைத் தேய்த்த பின்னரும் அளக்கப்படுகிறதா என்பதே வினா. விரிவாக்கப் பணியின்போது பழைய கோட்டை முற்றிலும் அகற்றாமல் புதிய கோட்டை வரைந்தால், மனிதக் கண் புதியதைத் தேர்ந்துகொள்ளும். இயந்திரம் இரண்டிற்கும் இடையே தடுமாறும்.

5.2 பலகையும் எழுத்தும்

சாலைக்குறிகளை இனங்காணும் கணினி மாதிரிகளின் வளர்ச்சிக்கு அடித்தளமாக அமைந்தவற்றுள் ஒன்று 2011இல் வெளியான ஜெர்மானியச் சாலைக்குறித் தொகுப்பு. 43 வகைக் குறிகளின் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட படங்கள் அதில் உள்ளன. சிவப்பு வட்டம், முக்கோணம் ஆகிய வடிவங்கள் இந்தியாவிலும் ஒத்திருப்பதால் அப்பயிற்சி ஓரளவு கைகொடுக்கும். ஆனால் ‘பணி நடைபெறுகிறது’, ‘மாற்றுப்பாதை’, ‘பள்ளிப் பகுதி, மெதுவாகச் செல்க’ எனத் தமிழில் எழுதப்படும் அறிவிப்புகள் எவ்வயல்நாட்டுத் தொகுப்பிலும் இரா. மாற்றுப்பாதை அறிவிப்பே உயிர்காக்கும் செய்தியாக அமையும் தருணங்கள் உண்டு. தமிழ் எழுத்துருவில் அமைந்த சாலை அறிவிப்புகளின் படத்தொகுப்பு ஒன்றை உருவாக்குதல் கணினித்தமிழ் ஆய்வாளர்களின் கடமையாகிறது. சொல்லாட்சியை ஒருமைப்படுத்துதலும் இதில் அடங்கும். ஒரே பொருளுக்கு ஊருக்கொரு தொடர் எழுதப்படின், மனிதர் பொருள் உணர்வர். இயந்திரம் ஒவ்வொன்றையும் புதிதாகக் கற்கவேண்டியிருக்கும்.

5.3 கலவைப் போக்குவரத்து

ஐதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் வெளியிட்ட இந்திய ஓட்டுதல் தரவுத்தொகுப்பு இத்துறையில் ஒரு திருப்புமுனை. ஐதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்த ஏறத்தாழ 10,000 படங்கள் அதில் 34 வகைகளாகக் குறிக்கப்பட்டன. ஆட்டோ ரிக்‌ஷாவும் விலங்கும் அங்கே தனி வகைகள். சாலைத்தளம் முடிந்த பின்னரும் ஊர்தி செல்லக்கூடிய மண்ணோரத்திற்கும் தனி வகை உண்டு. மேலைநாட்டுத் தொகுப்புகளில் சாலையின் எல்லை தெளிவான கோடு. இங்கே அது மங்கிச் செல்லும் பரப்பு. பங்கு ஆட்டோ பயணியைக் கண்டதும் ஓரம் ஒதுங்குவதும், இருசக்கர ஊர்தி எதிர்த்திசையில் அணுகுசாலையோரம் வருவதும், பேருந்து நிறுத்தத்திற்கு அப்பால் நிற்பதும் இப்பகுதியில் வாழ்வோருக்கு முன்கூட்டியே தெரியும். அவ்வறிவை இயந்திரம் பெற இரு வழிகள் உள்ளன. ஒன்று, இச்சாலையிலேயே தரவு திரட்டிப் பயிற்றுவித்தல். மற்றொன்று, பேருந்துக்கு உட்குழிவான நிறுத்தமும், ஆட்டோவிற்கு ஒதுக்கிடமும், இருசக்கர ஊர்திக்குத் தடையற்ற அணுகுசாலையும் அமைத்து, அவர்கள் விதி மீறுவதற்கான தேவையையே குறைத்தல்.

5.4 சாலையைக் கடப்போர்

இவ்விடத்தில் எளிய கணக்கு ஒன்று பயன்தரும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஊர்தி நொடிக்கு 22 மீட்டர் செல்கிறது. உலர்ந்த தளத்தில் நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொண்டால், தடையிட்ட பின் நிற்க ஏறத்தாழ 49 மீட்டர் வேண்டும். மனிதர் இடரைக் கண்டு தடைமிதியை அழுத்த ஒன்றரை நொடி ஆகுமெனின் மொத்தத் தேவை 83 மீட்டர். இயந்திரம் அரை நொடியில் செயற்படுமெனின் 60 மீட்டர். வேறுபாடு பெரிதே, 23 மீட்டரில் ஓர் உயிர் தப்பலாம். ஆனால் நின்றுகொண்டிருக்கும் பேருந்தின் முன்புறமிருந்து 20 மீட்டர் தொலைவில் ஒருவர் வெளிப்பட்டால் மனிதராலும் நிறுத்த இயலாது, இயந்திரத்தாலும் இயலாது. மறைவின் பின்னிருப்பதை எவ்வுணரியும் காணாது. அதே ஊர்தி மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால் இயந்திரத்திற்கு 11 மீட்டர் போதும். மனிதரும் 20 மீட்டருக்குள் நிறுத்திவிடுவார்.

இக்கணக்கு உணர்த்துவது தெளிவு. கடப்போர் மிகுந்த இடத்தில் உயிரைக் காப்பது கணினியின் விரைவைக் காட்டிலும் சாலையின் வடிவம். பேருந்து நிறுத்தத்திற்குப் பின்புறம் அமைந்த கடவை, இருபுறமும் பார்வை மறையாத இடைவெளி, நடுவில் நின்று இளைப்பாற இடம், சமிக்ஞை, முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கும் தள அமைப்பு ஆகியனவே அவ்வடிவம். நடைமேம்பாலம் இருப்பினும் முதியோரும் சுமையுடன் செல்வோரும் தரைவழியையே நாடுவர் என்பதையும் வடிவமைப்பாளர் கணக்கில் கொள்ளவேண்டும்.

5.5 மழைநீர்

வடகிழக்குப் பருவமழை இப்பகுதியின் ஆண்டுச் சோதனை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணிநேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. நீர் தேங்கிய தளத்தில் தடக்கோடு மறைகிறது; விளக்கொளி நீர்ப்பரப்பில் பட்டு விலகிச் செல்வதால் கண்ணாடி மணிகள் பயனிழக்கின்றன; குழியின் ஆழம் எவ்வுணரிக்கும் புலப்படுவதில்லை. ஈரத்தளத்தில் தடையின் பிடிப்பும் குறைகிறது. ஆதலின் மழைநீர் வடிகால், தன்னியக்க ஊர்திக்கான கட்டமைப்புப் பட்டியலில் இடம்பெறவேண்டிய முதன்மைக் கூறுகளுள் ஒன்று. ‘நுண்ணறிவுச் சாலை’ என்னும் தொடர் கேட்டவுடன் நினைவிற்கு வருவது கம்பமும் கணினியுமே. தென்சென்னையில் அது கால்வாயில் தொடங்குகிறது.

6. எண்ணிமக் கட்டமைப்பு

மேற்கூறியவை கண்ணுக்குப் புலனாகும் கட்டமைப்பு. புலனாகாத கட்டமைப்பும் ஒன்றுண்டு. ஐரோப்பாவின் இன்ஃபிராமிக்ஸ் ஆய்வுத்திட்டம் சாலைகளை, அவை தன்னியக்கத்திற்கு அளிக்கும் துணையின் அடிப்படையில் ஐந்து படிகளாக வகுத்தது. கடைப்படியான ‘இ’யில் சாலை எவ்வெண்ணிமத் தகவலும் தராது. ‘டி’யில் நிலையான எண்ணிம வரைபடம் கிடைக்கும். ‘சி’யில் விபத்து, பணி, வானிலை போன்ற மாறும் தகவல்களும் கிடைக்கும். ‘பி’யில் சாலையோர உணரிகள் தாம் காண்பதை ஊர்தியுடன் பகிரும். ‘ஏ’யில் ஊர்திகளின் வேகத்தையும் இடைவெளியையும் சாலையே நெறிப்படுத்தும்.

இவற்றுள் வரைபடத்திற்கான வழி இந்தியாவில் திறந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் வெளியான புவியிடத் தரவு நெறிமுறைகள், முன்அனுமதி இன்றி நுண்ணளவு வரைபடங்களை உருவாக்க இந்திய நிறுவனங்களுக்கு இசைவளித்தன. ஊர்தியும் சாலையும் பேசிக்கொள்ளும் பழக்கமும் இங்கே புதிதன்று. 2021 பிப்ரவரி நடுப்பகுதி முதல் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டேக், பரனூர்ச் சுங்கச்சாவடியில் ஊர்தியைச் சாலை இனங்காணும் எளிய உரையாடலே. ஆனால் அது சில மீட்டர் தொலைவில், ஒரே ஒரு செய்தியை மட்டும் பரிமாறுவது. சந்தியில் சிவப்பு விளக்கு எத்தனை நொடியில் மாறும், வளைவிற்கு அப்பால் ஊர்தி பழுதாகி நிற்கிறதா என்பனவற்றை நூற்றுக்கணக்கான மீட்டர் தொலைவிற்கு அறிவிக்கும் தொடர்பிற்கு 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை உலகின் பல பகுதிகளில் ஒதுக்கப்பட்டுள்ளது.

சிங்கப்பூரின் பட்டறிவு இங்குக் கருதத்தக்கது. 2015இல் ஒன்-நார்த் வட்டாரத்தின் சில சாலைகளில் தொடங்கிய சோதனை, 2019இல் தீவின் மேற்குப் பகுதி முழுவதற்கும், அதாவது ஆயிரம் கி.மீ.க்கும் மேற்பட்ட சாலைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இடையில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சந்தி, பேருந்து நிறுத்தம், செயற்கை மழை ஆகியவற்றுடன் மூடிய சோதனைக்களம் அமைக்கப்பட்டது. 2019இல் தொழில்நுட்ப வழிகாட்டித் தரநிலையும் வெளியிடப்பட்டது. மூடிய களம், எல்லையிட்ட வட்டாரம், விரிந்த நகர் என்னும் வரிசை அதன் சிறப்பு. இந்தியாவில் 2022 ஜூலையில் ஐதராபாத் ஐ.ஐ.டி.யில் திறக்கப்பட்ட திஹான் சோதனைக்களம் அவ்வரிசையின் முதற்படியாக அமைகிறது.

7. சட்டமும் பொறுப்பும்

2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இரு பிரிவுகளால் இப்பொருளுடன் தொடர்புறுகிறது. பிரிவு 2பி, புத்தாக்கத்தையும் ஆய்வையும் ஊக்குவிக்கும்பொருட்டுச் சிலவகை ஊர்திகளுக்குச் சட்டவிதிகளிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை நடுவண் அரசிற்கு வழங்குகிறது. பிரிவு 198ஏ, சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரநிலை பேணாமையால் உயிரிழப்போ உடற்குறையோ நேர்ந்தால், பொறுப்புடைய அதிகார அமைப்பு அல்லது ஒப்பந்ததாரர்மீது ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க வழிசெய்கிறது. முன்னது ஊர்தியைப் பற்றியது. பின்னது சாலையைப் பற்றியது. தன்னியக்க ஊர்தி வரும்போது இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும். மங்கிய கோட்டை இயந்திரம் தவறாகப் படித்து விபத்து நேரின், பொறுப்பு ஊர்தி செய்தவருடையதா, கோட்டைப் பேணாதவருடையதா? பிரிட்டன் 2024இல் இயற்றிய தன்னியக்க ஊர்திச் சட்டம், ஊர்தி தானே ஓடும் வேளையில் அதன் ஓட்டத்திற்கான பொறுப்பை இருக்கையில் அமர்ந்தவரிடமிருந்து அகற்றி, அனுமதி பெற்ற நிறுவனத்தின்மீது வைக்கிறது. இந்தியாவில் இவ்வினா இன்னும் விடைக்குக் காத்திருக்கிறது.

8. யாருக்காகச் சாலை?

ஓட்டுநரற்ற ஊர்திகளை அனுமதித்தால் பலர் வேலை இழப்பர் என்று நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017இல் எதிர்ப்புத் தெரிவித்தார். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் அதனினும் உடனடியான கவலை ஒன்றுண்டு. இயந்திரம் எளிதாகப் படிக்கும்பொருட்டுச் சாலையிலிருந்து மனிதரை விலக்கும் போக்கு உருவாகலாம். 1920களில் அமெரிக்க நகரங்களில் மோட்டார் ஊர்தி பெருகியபோது, அதுவரை எல்லாருக்கும் பொதுவாயிருந்த தெருவில் நடப்பவர் குற்றவாளியாக்கப்பட்டார். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் 1925ஆம் ஆண்டு விதி பின்னர்ப் பல நகரங்களுக்கு முன்மாதிரியாயிற்று. டெம்பியின் இயந்திரம் கோடில்லாத இடத்தில் மனிதரை எதிர்பாராமைக்கு அவ்வரலாறும் ஒரு காரணம்.

2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர ஊர்தியில் சென்றோர். 19 விழுக்காட்டினர் பாதசாரிகள். அவ்வாண்டில் மாநிலங்களுள் மிகுதியான விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில், எண்ணிக்கை 64,105. இறப்போருள் பெரும்பாலோர் தன்னியக்க ஊர்திக்குள் அமரப்போகிறவர் அல்லர். அதன் முன்னே செல்லப்போகிறவர். கட்டமைப்பிற்கான செலவின் வரிசையை இவ்வுண்மையே முடிவுசெய்யவேண்டும். முதற்கண் வடிகால், கடவை, நடைபாதை, பேருந்து நிறுத்தம். அடுத்து, தேய்மானத்தை ஆண்டுதோறும் அளந்து புதுப்பிக்கும் தடக்கோடும் பலகையும். அதன்பின் வரைபடமும் மாறும் தகவலும். சாலையோர உணரியும் அலைத்தொடர்பும் இறுதியில். முதல் இரு படிகளின் பயனைத் தன்னியக்க ஊர்தி வாராவிடினும் மக்கள் பெறுவர். இறுதிப் படிகளின் பயன் ஊர்தி வந்தால் மட்டுமே கிட்டும்.

9. முடிவுரை

தன்னியக்க ஊர்தி சாலையின் குறைகளைத் தானே சரிசெய்துகொள்ளும் என்னும் எண்ணம் பிழையானது; அக்குறைகளை அது அளந்து காட்டும் என்பதே சரி. இயந்திரம் தடுமாறும் இடம் பெரும்பாலும் புதிய ஊர்க்காரரும் முதியவரும் குழந்தையும் தடுமாறும் இடமாகவே உள்ளது. தடங்காக்கும் அமைப்புடைய ஊர்திகள் ஏற்கெனவே இந்தியச் சாலைகளில் ஓடுவதால், அவை கோட்டை இழக்கும் இடங்களின் பதிவைத் திரட்டினால் அதுவே பராமரிப்பிற்கான பட்டியலாகும். பல்கலைக்கழகமும் ஊர்தித் தொழிலும் நெடுஞ்சாலையும் அருகருகே அமைந்த பொத்தேரி வட்டாரம் அத்தகைய ஆய்விற்கு ஏற்ற களம்.

அதியமான் பெருவழிக் கல்லைப் பொறித்தவர், எழுத்தறிந்தவருக்காக மட்டும் எழுதிவிட்டு அமையவில்லை. அறியாதவருக்காகக் குழியும் வெட்டினார். இயந்திரத்திற்காகச் சாலையைத் திருத்தும் இக்காலத்தில், ஊர்தியில்லாமல் அச்சாலையைக் கடப்பவருக்கான குறியையும் உடன் பொறிப்பதே அம்மரபிற்கு ஏற்ற செயலாகும்.